அக்கி வேறு, அம்மை வேறு

ஏப்ரல் 6, ஞாயிறு

பக்கத்து வீட்டு வாசலில் இன்று காலை வேப்பிலை செருகியிருந்தது. ஜோதியின் மகளுக்கு அம்மை. கோலம் போடப் போனவள் பாதியில் டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நாலாம் வகுப்புப் பிள்ளை, பரீட்சை நேரம், பாவம்தான். ஆனால் எனக்கு என் மகள் முக்கியம்.

வினோதினிக்கு இது எட்டாம் மாதம். மதுரையில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்துவிட்டது. இந்த வாரம் இங்கே அருப்புக்கோட்டைக்குக் கூட்டி வருவதாகப் பேச்சு. அவளுக்கு இதுவரை அம்மை வந்ததே இல்லை. சின்ன வயதில் தெருவில் எந்த வீட்டில் வேப்பிலையைப் பார்த்தாலும் அவள் அப்பா அவளைத் திருச்சுழியில் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை.

மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, எறங்கி மூணு தண்ணி ஊத்தட்டும் மாப்ள, அப்புறமாக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அவர் சரி என்று சொல்வதற்குள் சம்பந்தியம்மா ராஜேஸ்வரி போனை வாங்கிக்கொண்டார்.

"எதுக்கு மதினி இந்த அலைச்சல்? பிரசவத்த இங்கேயே பாத்துக்கிருவோமே. பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இங்கதான இருக்கு."

"தலைப்பிரசவம் தாய் வீட்லதான் மதினி" என்றேன். குரலில் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் சொன்னேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். வயிறு எரியும்போதும் குரல் சிரிக்க எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷமாகிறது. இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் பேசி மூன்று வருஷமாகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜோதி வீட்டுக்கு இரண்டு இளநீர். கையில் கொடுக்கவில்லை. சுவர் மேல் வைத்துவிட்டு, கூப்பிட்டுச் சொன்னேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று. பிள்ளை தெருவில் சைக்கிள் ஓட்டுகிறாள். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மே இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஜோதி வீட்டோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. அவளுக்கு வருத்தம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

வினோவின் அறையை ஒட்டடை அடித்தேன். மெத்தையை நானே மாடிக்கு இழுத்துப் போய் வெயிலில் போட்டேன். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்துப் பிள்ளைத் துணியாக மடித்து வைத்தேன். அவர் வேட்டிதான். பேரப்பிள்ளைக்கு அவர் தருவது இதுதான் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

இடது பக்கம் முதுகில், விலாவுக்குக் கீழே குத்துகிறது. மெத்தை இழுத்ததில் பிடித்துக்கொண்டது போல. தைலம் தேய்த்தேன். தேய்க்கவே முடியவில்லை, கை பட்டாலே காந்துகிறது. தோலைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ரவிக்கைத் துணி உரசினால்கூட உயிர் போகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். முதுகுத் தண்டிலிருந்து இடது பக்கமாக, பாதி ஒட்டியாணம் மாதிரி ஒரு பட்டை. சிவந்து, அதன் மேல் கொத்துக் கொத்தாக நீர் கோத்த கொப்புளங்கள். வலது பக்கம் ஒன்று கூட இல்லை.

அம்மையோ என்று பயந்துபோய் ஜோதியைக் கூப்பிட்டேன். அவளிடம் பேசாமல் இருந்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. அவளும் மனசில் வைத்துக்கொள்ளாமல் ஓடி வந்தாள்.

"அய்ய, இது அக்கிக்கா. அம்மை உடம்பு பூரா போடும்ல. இது ஒரு பக்கந்தான் போட்டிருக்கு. சூட்டுல வர்றது. வேளார் வீட்டுல எழுதுனா சரியாப் போயிரும்."

அப்பாடா என்றிருந்தது. எனக்கு ஏழு வயதிலேயே அம்மை போட்டுவிட்டது. மறுபடி வராது என்பார்கள். வெயில் சூடுதான்.

ஏப்ரல் 28, திங்கள்

எதற்கும் இருக்கட்டும் என்று பஜார் பக்கத்து கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சின்னப் பையன், மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. ரவிக்கையை விலக்கிப் பார்த்துவிட்டு ஏதேதோ சொன்னார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். இன்றைக்குத் தனியாகத்தானே இருக்கிறேன்.

மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளையாம். சோறே நான் இரண்டு வேளைதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மண்பானை செய்கிற வேளார் தெருவுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டேன். பொம்பளைகளுக்கு வேளார் வீட்டம்மாதான் எழுதுகிறார். வெறும் வயிற்றோடு, பல் கூட விளக்காமல் வரச் சொன்னார். செங்காவியைக் கல்லில் உரசித் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் முதுகில் பூசினார். நடுவில் ஓர் உருவம் வரைந்தார், சிங்கமாம். அந்தக் குளிர்ச்சி பட்டதும் இத்தனை நாள் எரிச்சலுக்கு அப்படி ஒரு சுகம். கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூணு நாளைக்கு எழுதணும். அதுவரைக்கும் குளிக்கக் கூடாது, கவுச்சி கூடாது" என்றார். டாக்டர் மாத்திரையைக் காட்டினேன். "அது உங்க இஷ்டம்மா. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

மாத்திரை சூடு என்று எனக்கே தோன்றியது. இரண்டு வேளை போட்டதோடு நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

சம்பந்தியம்மா போன். "உடம்பு கிடம்பெல்லாம் நல்லாருக்கா மதினி?" கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்றேன்.

சும்மா கேட்டாரா, தெரிந்து கேட்டாரா தெரியவில்லை. முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளையை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். அப்புறம் நான் பிரசவம் ஆனதும் பழம் வாங்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

மே 2, வெள்ளி

வந்துவிட்டாள். வயிறு தெரிகிற அளவுக்கு முகம் தெரியவில்லை, அப்படி இளைத்திருக்கிறாள். ஆரத்தி எடுத்தேன். மாப்பிள்ளை செந்தில்நாதன் மட்டும்தான் கூட வந்தார், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். வத்தக்குழம்பும் அப்பளமும் கேட்டாள், செய்து போட்டேன். மூன்று தடவை போட்டுக்கொண்டாள். இன்று இந்த வீட்டில் டிவி போடவில்லை, தேவைப்படவில்லை.

முதுகை அவளிடம் காட்டவில்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. காவி காய்ந்து இறுகி, உள்ளே கொப்புளங்கள் உடைந்து ரவிக்கையோடு ஒட்டிக்கொண்டன. கழற்ற முடியாமல் நான் முனகுவதைக் கேட்டு வினோ வந்துவிட்டாள்.

"என்னம்மா இது? சொல்லவே இல்ல?"

"அக்கிடி. சூடு. நீ போய்ப் படு."

"இப்படி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு, போய்ப் படுங்கிற. திரும்பு."

வெந்நீரில் துணியை நனைத்து நனைத்து ரவிக்கையை மெதுவாகப் பிரித்தாள். காவியை எல்லாம் வெறும் கையாலேயே கழுவினாள். தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தாள். வேண்டாம் என்று சொன்னேன். எத்தனை தடவை என்று தெரியாது, ஆனால் சொன்னேன். பெற்ற பிள்ளை கை முதுகில் படும்போது எவ்வளவு நேரம் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

மே 5, திங்கள்

இன்றும் அவள்தான் கழுவிவிட்டாள்.

மே 10, சனி

பொருக்குத் தட்டிவிட்டது. எரிச்சல் மட்டும் குறையவில்லை. ஜோதி எட்டிப் பார்த்து, "சொன்னேன்ல அக்கா, வேளார் வீட்டம்மா கைராசி" என்றாள். ஆமாம் என்றேன்.

மே 18, ஞாயிறு

வினோவுக்கு உடம்பு கதகதவென்று இருக்கிறது. இடுப்பு வலி, தலைவலி. வெயில்தான். மோர் கொடுத்தேன்.

மே 19, திங்கள்

காலையில் அவள் நெற்றியில் இரண்டு. கழுத்தில் நாலு. மத்தியானத்துக்குள் நெஞ்சு, வயிறு எல்லாம்.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், ஆத்தாளுக்குக் காசு முடிந்து வைத்தேன். வினோ படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஆத்தா வந்திருக்கிறப்ப ஊசி மருந்து கூடாதுடி. தானா எறங்கும்."

"வயித்துல பிள்ள இருக்கும்மா" என்றாள். அப்புறம் என்னிடம் கேட்காமல் அவளே மாப்பிள்ளைக்குப் போன் செய்துவிட்டாள்.

இந்த ஜோதி வீட்டுப் பிள்ளைதான் காரணம். ஒரு மாதமானால் என்ன, காற்றில் இருந்திருக்கும். ஜோதியைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறினேன். அவள் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மே 20, செவ்வாய், மதுரை

டாக்டரம்மா நிதானமானவர். வினோவைத் தனி அறையில் போட்டு மருந்து ஏற்றுகிறார்கள். எங்களை எல்லாம் அந்த அறையிலேயே உட்கார வைத்து, யாரிடமிருந்து ஒட்டியிருக்கும் என்று கேட்டார். நான் ஜோதி மகளைச் சொன்னேன்.

"எப்போ?"

"ஏப்ரல் மொத வாரம்."

"இவங்க உங்க வீட்டுக்கு வந்ததே மே ரெண்டாந்தேதி. அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குப் பொருக்கெல்லாம் உதுந்து போயிருக்குமே. வேற யாருக்காவது அம்மை, அக்கி, அந்த மாதிரி?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். கட்டிலில் இருந்து வினோ சொன்னாள், "அம்மாவுக்கு அக்கி இருந்துச்சு டாக்டர். நான்தான் கழுவி விட்டேன்."

"அது அக்கிங்க" என்றேன். "சூட்டுல வர்றது. அக்கி வேற, அம்மை வேற."

"சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்துச்சாம்மா?"

"ஏழு வயசுல."

"அது போகலம்மா. முதுகெலும்புகிட்ட நரம்புல போய்ப் படுத்துக்கிச்சு. இத்தன வருஷம் உங்க உடம்பு அத அடக்கி வச்சிருந்துச்சு. வயசாகும்போது, இல்ல உடம்பு ரொம்ப அலுத்துப் போகும்போது அது எந்திரிச்சு அந்த நரம்பு வழியாவே தோலுக்கு வரும். அதான் ஒரு பக்கமா மட்டும் பட்டையாப் போடுது. ரெண்டும் ஒரே கிருமி. அம்மையே வராதவங்க மேல அந்தக் கொப்புளத் தண்ணி பட்டா, அவங்களுக்கு அம்மையா வரும்."

சம்பந்தியம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மடியில் இருந்த பையின் வாரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கிக்கு டாக்டர்கிட்ட காட்டுனீங்களா? கர்ப்பமா இருக்கிறவங்க பக்கத்துல போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

காட்டினேன், அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன்.

மே 21, புதன்

டாக்டரம்மா சொன்னது: பிள்ளை இன்னும் நாலைந்து நாளாவது வயிற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும். அம்மையை எதிர்க்கிற சக்தி வினோ உடம்பில் ஊறி, அது பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் பிறந்துவிட்டால் பிள்ளை வெறும் கையோடு வரும், அம்மை தாக்கினால் தாங்காது.

ஒன்பது மாதமாக எப்போது வரும் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையை, வராதே இரு என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

மே 22, வியாழன்

சாயங்காலம் வலி எடுத்துவிட்டது. நிறுத்தப் பார்த்தார்கள், நிற்கவில்லை.

மே 23, வெள்ளி

பெண் பிள்ளை. பிறந்தவுடனே தொடையில் அம்மையைத் தடுக்கிற ஊசி போட்டுத் தனியாகக் கொண்டுபோய்விட்டார்கள். வினோ இன்னும் தூக்கவில்லை. கண்ணாடி வழியாகக் கூடப் பார்க்கவில்லை. தாய் ஓர் அறை, பிள்ளை ஓர் அறை.

மே 28, புதன்

ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள மெஸ்ஸில் இட்லி. சம்பந்தியம்மாவுக்கும் வாங்கிப் போனேன். வாங்கிக்கொண்டார், சாப்பிட்டார், "தேங்க்ஸ் மதினி" என்றார். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது போல இருந்தது.

முதுகுப் பக்கம் அப்படியே எரிகிறது. கொப்புளம் போய்க் கறுத்த தழும்புதான் இருக்கிறது, ஆனால் சேலைத் தலைப்பு பட்டாலும் தூக்கிப் போடுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல.

ஜூன் 1, ஞாயிறு

பிள்ளைக்கு வந்துவிட்டது. நெற்றியில், வயிற்றில், உள்ளங்காலில். மூச்சு வாங்குகிறதாம். குழாய் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிறார். நான் பக்கத்தில் போனேன். எழுந்து வேறு பக்கம் போய்விட்டார்.

ஏப்ரல் 28இல், அந்தச் சின்ன டாக்டர் ஏதேதோ சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். ஏதேதோ இல்லை. "கர்ப்பிணிங்க, பச்சப்பிள்ளைங்க கிட்ட போயிராதீங்கம்மா, பொருக்கு விழுற வரைக்கும்" என்றார். இரண்டு தடவை சொன்னார். எனக்கு நன்றாகக் காது கேட்கும். நான் அதை எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதினால் வினோவுக்குப் போன் செய்து வராதே என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

வினோவுக்குப் பொருக்கு உதிர்ந்துவிட்டது. பிரசவத்துக்கு அப்புறம் இன்றுதான் என்னை உள்ளே விட்டார்கள். தலை வாரிவிடப் போனேன்.

"அம்மா, அங்க ஊர்ல ஒரு டாக்டரப் பாத்தேன்னியே. அவரு உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. மேலே மூன்றாவது மாடியில் பிள்ளை குழாயோடு கிடக்கிறது. எனக்கு வரவில்லை.

"சொன்னாரு" என்றேன்.

"என்னன்னு?"

சொன்னேன். அப்படியே சொன்னேன், இரண்டு தடவை சொன்னார் என்பதையும் சேர்த்து. அவள் சீப்பை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் நின்றேன். "நீ ஊருக்குப் போம்மா" என்றாள்.

ஜூன் 4, புதன்

அருப்புக்கோட்டை. ஜோதி வாசலில் நின்றாள். அவளிடம் நான் பேசியது தப்பு என்று சொன்னேன். "பிள்ளைக்கு எப்படி இருக்குக்கா?" என்றாள். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

ஜூன் 7, சனி

தினம் மாப்பிள்ளைக்குப் போன் செய்கிறேன். எடுத்தால் "அப்படியேதான் இருக்கு அத்தை". அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். பால் குடிக்கிறதாம். சம்பந்தியம்மாவே கூப்பிட்டுச் சொன்னார். "பொழச்சிருச்சு மதினி." இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அப்புறம் அவர் குரலைச் சரிசெய்துகொண்டு, தாயையும் பிள்ளையையும் அங்கேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். சரி மதினி என்றேன். நான் என்ன சொல்ல முடியும்.

ஜூன் 24, செவ்வாய்

மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். அக்கி போனாலும் சிலருக்கு வலி போகாதாம். நரம்பு நொந்துவிட்டதாம். மாதக் கணக்கில் இருக்கலாம், வருஷமும் ஆகலாம் என்றார். ஆரம்பத்திலேயே மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கலாமாம். புது மாத்திரை கொடுத்திருக்கிறார், போட்டால் தலை கிறுகிறுக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து வினோ வீடு இரண்டு பஸ் நிறுத்தம்தான். போகவில்லை. கூப்பிடவில்லையே.

ஜூலை 6, ஞாயிறு

ஃபேன் காற்று பட்டால் நெருப்பாக இருக்கிறது. அணைத்துவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜோதி வந்தாள். "அதான் ஆறிப் போச்சேக்கா, இன்னுமா வலிக்குது?" என்றாள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லைதான். எனக்கே சில நேரம், நான் நடிக்கிறேனோ என்று சந்தேகம் வருகிறது.

ஜூலை 20, ஞாயிறு

வினோ வந்தாள். சொல்லாமல் வந்தாள். அவளுடைய துணிமணியும் ஆஸ்பத்திரி ஃபைலும் இங்கேயே கிடந்தன, எடுத்துப்போக வந்தாளாம். மாப்பிள்ளை காரிலேயே இருந்துகொண்டார். பிள்ளை வந்திருக்கிறதே என்று ஃபேனைப் போட்டேன்.

இரண்டு கையாலும் எடுத்துவைக்க வேண்டுமே, வேறு வழியில்லாமல் பிள்ளையை என் மடியில் வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவு கிட்டத்தில் பேத்தியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நெற்றியில் ஒரு குழித் தழும்பு, புருவத்துக்கு மேலே. வலது கையில் தலை, கால் இரண்டும் என் இடது விலாவோடு ஒட்டி. அது முதலில் தூங்கியது. அப்புறம் விழித்துக்கொண்டு காலை உதைத்தது. ஒவ்வொரு உதையும் சரியாக அந்த இடத்தில். கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மாற்றிப் பிடிக்கலாம். பிடித்தால் பிள்ளை அழும், அழுதால் அவள் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அப்படியே வைத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. நான் நிமிர்ந்தபோது நின்றிருந்தாள். வந்து பிள்ளையை எடுத்தாள். சரி, கிளம்பப் போகிறாள் என்று நினைத்தேன். எடுத்த பிள்ளையைக் கால் என் வலது பக்கம் இருக்கும்படி திருப்பி மடியில் படுக்க வைத்தாள். போய் ஃபேனை அணைத்தாள்.

"உனக்கு வலிக்குதுன்னு தெரியுதும்மா" என்றாள். "ஆனா எனக்குக் கோபம் போகல."

"போகாட்டியும் பரவால்ல. வந்துட்டுப் போ" என்றேன்.

தலையை ஆட்டினாளா என்று நான் பார்க்கவில்லை. பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது, பசியாக இருக்கும் என்று வினோ பால் கொடுக்கக் கீழே உட்கார்ந்தாள்.